வெங்காயத்தாள் கொத்து ஏன் நலிகிறது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் அறுக்கலாம் என்று வைத்த வெங்காயத்தாள், திடீரென்று ஒருநாள் மஞ்சளித்து நிற்கும். உடனே நம் கை உரப் பைக்குப் போகும், இல்லையென்றால் தண்ணீர்க் குழாய்க்கு. பல நேரம் இரண்டுமே நிலைமையைக் கெடுக்கும். தாளில் தெரியும் கோளாறு பெரும்பாலும் மண்ணுக்குள்ளே, தண்டின் அடியில் தொடங்கியிருக்கும். மேலே பார்த்து மருந்து தேடினால் அது கிடைக்காது.

இங்கே சொல்வது அல்லியம் பிஸ்டுலோசம் என்ற வகையைப் பற்றி. இது பெரிய குமிழ் கட்டாது. அடியிலிருந்து பக்கக்கன்று விட்டு, கொத்தாகப் பெருகிக்கொண்டே போகும். கொத்தாக வளர்வதால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இருபது கன்றுகள் நிற்கிற இடத்தில் ஒன்றைப் பிடுங்கிக் கிழித்துப் பார்த்தால் நஷ்டம் எதுவும் இல்லை. கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், முதலில் அந்த ஒரு கன்றைப் பலி கொடுத்துவிட்டுப் படியுங்கள்.

முதல் வேலை: ஒரு கன்றைப் பிரித்துப் பார்ப்பது

கொத்தின் ஓரத்தில், சுமாராக இருக்கிற கன்றாகப் பார்த்து எடுங்கள். முழுதாகச் செத்ததும் வேண்டாம், நல்லதும் வேண்டாம். செத்ததில் எல்லாம் அழுகியிருக்கும், எது முதலில் வந்தது என்று தெரியாது. கையால் இழுக்காமல், சிறு கரண்டியால் மண்ணைத் தோண்டி வேரோடு எடுத்து, தண்ணீரில் அலசுங்கள்.

வேர் வெள்ளையாக, கயிறுபோல் தடித்து இருக்க வேண்டும். பழுப்பு, இளஞ்சிவப்பு, அல்லது விரலால் உருவினால் தோல் தனியாகக் கழன்று வருவது என்றால் சிக்கல் கீழேதான். பிறகு கன்றை நெடுக்காக இரண்டாகக் கீறுங்கள். வேரும் தாளும் சேரும் இடத்தில் ஒரு கெட்டியான சிறு தட்டு தெரியும். அந்த அடித்தட்டு வெள்ளையாக இருந்தால் கன்றுக்கு உயிர் இருக்கிறது, பிழைக்கும். பழுப்பேறி இருந்தால் மேலே எத்தனை பச்சை இருந்தாலும் நம்ப வேண்டாம். கடைசியாக, தாள்கள் பிரிகிற கவட்டை விரித்துப் பாருங்கள். பூச்சி ஒளிந்திருப்பது அங்கேதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. இன்னொரு கன்றை மண்ணுக்கு மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டு, கூரான கத்தியால் குறுக்கே அறுத்துவிடுங்கள். வெங்காயத்தாள் அடியிலிருந்து வளரும், நுனியிலிருந்து அல்ல. அதனால் நல்ல கன்றில் ஒன்றிரண்டு நாளில் நடுவளையம் மட்டும் வெட்டுவாயிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கும். வெளி வளையங்கள் வெட்டிய உயரத்திலேயே நிற்க, உள்ளே இருப்பது படிப்படியாக உயர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். நாலைந்து நாளாகியும் எதுவும் அசையவில்லை என்றால் வேரில் கோளாறு, அல்லது செடி ஓய்வில் இருக்கிறது.

விதை முளைக்கவே இல்லை

பழைய விதையைச் சந்தேகியுங்கள். வெங்காயக் குடும்பத்து விதைக்கு ஆயுள் குறைவு. சாதாரணமாக வைத்தால் ஒரு வருடத்துக்குப் பிறகு முளைப்பு விழ ஆரம்பிக்கும், இரண்டு வருடம் தாண்டினால் அதை நம்பி பாத்தி போடாதீர்கள். ஈரத் துணியிலோ ஈரக் காகிதத்திலோ பத்து விதையை மடித்து வைத்துப் பாருங்கள். பத்து நாளில் நாலுகூட முளை விடவில்லை என்றால் புது விதை வாங்குவதே நல்லது.

விதை நல்லதாக இருந்தும் வரவில்லை என்றால் சூட்டைப் பாருங்கள். 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சௌகரியமாக முளைக்கும். மண் 35 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு படுத்துவிடும். வெயில் காலத்தில் விதைப்புத் தட்டை நிழலில் வைத்து, முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றலாம். ஆழம் ஒரு சென்டிமீட்டர் போதும். மேல் மண் ஒருநாள் காய்ந்து ஓடு கட்டினாலும் முளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இது முளைக்கும்போது வளைந்த கொக்கியாக முதுகைக் காட்டித்தான் எழும். அந்தக் கொக்கியை நிமிர்த்திவிடுகிறேன் என்று தொடாதீர்கள், ஒடிந்துவிடும்.

நாற்று நூலாக நின்று சாய்கிறது

சாய்ந்த நாற்றின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில், கிள்ளியதுபோல் ஒடுங்கி நீர் கோத்திருக்கிறதா? அப்படியென்றால் நாற்றழுகல். ஈரம் அதிகம், காற்றோட்டம் இல்லை, நெருக்கமாகத் தூவியிருக்கிறீர்கள். சாய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து எடுத்துவிட்டு, மேல் மண் லேசாகக் காயும் வரை தண்ணீரை நிறுத்துங்கள். அதன் பிறகு தட்டின் அடியிலிருந்து உறிஞ்சும்படி தண்ணீர் விடுங்கள்.

அடி நன்றாக இருந்து, நீண்டு மெலிந்து சாய்கிறது என்றால் வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். வெங்காய நாற்று எப்படியும் ஆரம்பத்தில் மெலிதாகத்தான் இருக்கும். முதல் ஒன்றரை மாதம் அது வளர்வதாகவே தெரியாது. பொறுமை போய்த் தண்ணீரை ஊற்றிக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

தாளின் நுனி காய்கிறது

அடியிலிருந்து வளர்வதால் ஒரு தாளின் மிகப் பழைய பகுதி அதன் நுனிதான். வெளித்தாளில் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்திருந்தால் அது வயசு, விட்டுவிடுங்கள். காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது. அதை வைத்துச் சிகிச்சை பலித்ததா என்று பார்க்க முடியாது. புதிதாக வரும் நடுத்தாளின் நுனியைத்தான் பார்க்க வேண்டும்.

நடுத்தாளும் காய்கிறது என்றால் மூன்று காரணங்களை வரிசையாக விலக்குங்கள். முதலில் தண்ணீர். வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது, பெரும்பகுதி மேல் இருபது முப்பது சென்டிமீட்டருக்குள் நிற்கும். மேல் மண் நன்றாகக் காய்ந்து, பிறகு வெள்ளமாக நனைந்து, மறுபடி காய்ந்து என்று போனால் நுனி கருகும். விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அதுதான்.

இரண்டாவது உப்பு. தொட்டியில் வளர்ப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். மண் மேலோ தொட்டியின் விளிம்பிலோ வெள்ளைப் படலம் இருந்தால் உப்புத் தண்ணீரும் உரமும் சேர்ந்து தங்கியிருக்கின்றன. உப்பைத் தாங்காத பயிர்களில் வெங்காயமும் ஒன்று. தொட்டி கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடி வழியாக முழுதும் வடியவிடுங்கள். அடுத்த சில வாரம் உரம் வேண்டாம். மூன்றாவது இலைப்பேன். அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

தாள் மஞ்சளாகிறது

எந்தத் தாள் என்பதுதான் கேள்வி.

வெளியில் இருக்கும் பழைய தாள்கள் மட்டும் வெளிறி, நடு பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. அடிக்கடி அறுக்கிற கொத்தில் இது சாதாரணம். நாம் அறுத்து எடுப்பது முழுக்கத் தாள், தாள் என்றால் தழைச்சத்து. இரண்டு மூன்று அறுப்புக்கு ஒருமுறை மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு கைப்பிடி, கொத்தைச் சுற்றிப் போட்டுக் கிளறிவிட்டால் போதும். பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள், காரணம் பிறகு வருகிறது.

நேர்மாறாக நடுவில் வரும் இளந்தாள் வெளிறி, பழைய தாள் பச்சையாக இருந்தால் கந்தகச்சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது மண்ணின் கார நிலை ஏறி இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் போயிருக்கலாம். இந்தப் பயிருக்குக் கார அமில நிலை 6 முதல் 7 வரை ஒத்துப்போகும். சாம்பலையும் சுண்ணாம்பையும் பழக்கதோஷத்தில் அள்ளிப் போடும் தோட்டங்களில் இது நடக்கும். சாம்பலை நிறுத்தி மக்கு உரத்தைக் கூட்டுங்கள். கந்தகம் குறைந்தால் வாசனையும் காரமும்கூடக் குறையும், அது ஒரு துப்பு.

எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் மங்கி, தொட்டால் தொளதொளவென்று இருக்கிறதா? பிடுங்கிய கன்றின் வேரை மறுபடி பாருங்கள். பழுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் தண்ணீர் தேங்குகிறது. வேர் அழுகியதால் செடிக்குத் தாகம். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். தொட்டியின் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். தரையில் என்றால் பதினைந்து சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்திக்கு மாற்றுங்கள்.

தாள் நெடுக மஞ்சள் வரி வரியாக ஓடி, தாள் தட்டையாகி, சுருங்கி நெளிந்தால் அது வேறு கதை. வைரஸாக இருக்க வாய்ப்பு உண்டு. சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி இதைக் கொண்டுவந்து சேர்க்கும், மருந்து கிடையாது. கொத்துப் பயிரில் இதன் தொல்லை என்னவென்றால், ஒரு கொத்தைப் பிரித்து நாலு இடத்தில் நட்டால் வைரஸையும் நாலு இடத்தில் நட்டதாகிறது. அடுத்தவருக்குக் கன்று கொடுக்கும் நல்ல மனசு இந்த இடத்தில் ஆபத்து. கொத்தை முழுதாகப் பிடுங்கி, அழித்து, விதையிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

தாளில் வெள்ளி நிறக் கீறல்கள்

பச்சைத் தாளில் சாம்பலும் வெள்ளியும் கலந்த சின்னச் சின்னக் கோடுகள், அவற்றின் நடுவே மிளகுத் தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். இலைப்பேன்தான். கறுப்புப் புள்ளி அதன் எச்சம். ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துக் கொத்தைத் தட்டினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சள் அல்லது பழுப்புத் துணுக்குகள் நகர்வதைப் பார்க்கலாம். ஆனால் காகிதத்தில் விழுவது கொஞ்சம்தான். நிஜக் கூட்டம் நடுத்தாள்களின் கவட்டில், தாள் இன்னும் விரியாத இடுக்கில் இருக்கும். கன்றைக் கிழித்துப் பாருங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலும் வறட்சியும் இதற்குக் கொண்டாட்டம். பெண் பூச்சி ஆண் இல்லாமலே பெருகும். முட்டையைத் தாளின் சதைக்குள் செருகிவைக்கும். குஞ்சு தாளில் சுரண்டித் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில் கழித்துவிட்டு, திரும்ப மேலே வரும். வெப்பமான காலத்தில் இந்தச் சுற்று இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். இதிலிருந்தே இரண்டு விஷயம் புரியும். ஒருமுறை மருந்தடித்தால் முட்டையும் மண்ணில் இருப்பதும் தப்பிக்கும். வெளித்தாளை மட்டும் நனைத்தால் கவட்டில் இருப்பது தப்பிக்கும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. மருந்துக்கு முன்னால் கத்தி. கொத்து மோசமாக அடிபட்டிருந்தால் எல்லாத் தாளையும் மண்ணுக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் விட்டு அறுத்து, அறுத்ததை அங்கேயே போடாமல் அப்புறப்படுத்துங்கள். தாளுக்குள் இருந்த முட்டையும் குஞ்சும் பெருமளவு போய்விடும். வேர் நன்றாக இருந்தால் கொத்து திரும்பத் துளிர்க்கும். குமிழ் கட்டும் வெங்காயத்தில் செய்ய முடியாத வைத்தியம் இது. பிறகு, புதுத்தாள் விரல் நீளம் வந்ததும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குச் சில துளி திரவச் சோப்பு. வெங்காயத்தாளின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் சோப்பு இல்லாமல் மருந்து முத்து முத்தாக உருண்டு போய்விடும். தெளிப்பை மேலிருந்து நடுக்கவட்டுக்குள் இறங்கும்படி, சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் தாள் வெந்துவிடும். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது தேவை. முதல் தடவை ஒரே ஒரு கன்றில் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

தெளிக்காத நாட்களில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சி நடுக்கவட்டைக் கழுவுவதும் நல்ல பலன் தரும், காலையில் செய்தால் தாள் சீக்கிரம் காயும். மண்ணை வைக்கோலால் மூடிவிட்டால் இலைப்பேன் குறையும். பார்த்ததும் கொல்லும் கடும் விஷங்களை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். இலைப்பேன் பல மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சி. அதைத் தின்னும் சிறு நாவாய்ப்பூச்சியும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சும்தான் மருந்தில் முதலில் சாகும். நாம் அறுத்துத் தின்னும் தாளின் மேல் நேராக அடிக்கிறோம் என்பதும் இருக்கிறது.

கருஞ்சிவப்போ கறுப்போ நிறத்தில் கூட்டமாக ஒட்டியிருப்பது அசுவினி. தண்ணீர்ப் பீச்சலுக்கே பெரும்பாலும் விழும். தாளுக்குள் வெள்ளைக் கோடு வளைந்து நெளிந்து போனால் இலைத்துளைப்பான் ஈயின் புழு. அந்தத் தாளை மட்டும் கிள்ளி எறிந்தால் போதும், பதற வேண்டியதில்லை.

புள்ளி, படலம், துரு

மூன்றையும் ஒரே மருந்தால் அடிக்கப் போகாமல், நிறத்தைப் பாருங்கள்.

சின்ன வெள்ளைப் புள்ளி பெரிதாகி, நடுவில் ஊதா ஏறி, சுற்றிலும் மஞ்சள் வளையமும் உள்ளே வட்டம் வட்டமாகக் கோடுகளும் வந்தால் ஊதாப் புள்ளி நோய். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வரும், இலைப்பேன் சுரண்டிய காயம் அதற்கு நல்ல வாசல். அதிகாலையில் பார்த்தால் தாளின் மேல் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் மெல்லிய பூஞ்சைப் பஞ்சு, பிறகு அந்த இடம் வெளிறி ஒடிந்து தொங்கினால் அடிச்சாம்பல் நோய். இது குளிரும் பனியும் உள்ள நாட்களுக்கு உரியது. வெயில் ஏறியபின் பார்த்தால் பஞ்சு தெரியாமல் போகலாம், அதனால் காலையிலேயே பாருங்கள். ஆரஞ்சுப் பொடி விரலில் ஒட்டினால் துரு நோய்.

மூன்றுக்கும் வீட்டுத் தோட்டத்தில் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான். நோய் பிடித்த தாளை அடியோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள், மக்குக் குழியில் போட வேண்டாம். தண்ணீரைத் தாளில் படாமல் வேருக்கு விடுங்கள், அதுவும் காலையில். நெருக்கத்தைக் குறையுங்கள். துரு திரும்பத் திரும்ப வந்தால் தழைச்சத்து உரம் அளவுக்கு மீறிப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மழை விடாத வாரத்தில் எது செய்தாலும் நிற்காது. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, வானம் தெளிந்ததும் வரும் தாளுக்குக் காத்திருப்பதுதான் என் வழி.

கன்றை இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது

இதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அறிகுறி. பிடுங்கிய கன்றின் அடியைக் கண் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளே வெள்ளைப் புழு இருக்கிறதா? காலில்லாமல், தலை தனியாகத் தெரியாமல், ஒரு பக்கம் கூராக இருந்தால் வெங்காய ஈயின் புழு. குளிர்ந்த பகுதிகளில்தான் இது பெரிய தொல்லை. தண்டின் அடியில் முட்டையிடும், மக்காத சாணமும் அழுகும் குப்பையும் ஈயைக் கூப்பிடும். பச்சைச் சாணம் வேண்டாம் என்றது இதனால். அடிபட்ட கன்றுகளைப் புழுவோடு எடுத்து அழித்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணி நெருங்கிய வலையால் மூடுங்கள். ஆனால் மண்ணில் ஏற்கெனவே கூட்டுப்புழு இருந்தால் ஈ வலைக்குள்ளேயே வெளிவரும். கொத்தை இடம் மாற்றிய பிறகே வலை பயன்படும்.

புழுவுக்குப் பளபளவென்ற கறுப்புத் தலை இருந்து, தொட்டியைத் தட்டினால் சின்னக் கறுப்பு ஈக்கள் எழுந்தால் அது பூஞ்சை ஈ. ஈரம் தீராத தொட்டி மண்ணின் விளைவு. மேல் இரண்டு சென்டிமீட்டர் மண் காயும்வரை தண்ணீரை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கும்.

புழு இல்லை, அடியில் வெள்ளைப் பஞ்சுபோன்ற பூஞ்சை, அதில் கசகசா அளவுக்குக் கறுப்பு உருண்டைகள். வெள்ளை அழுகல். மண் குளிர்ந்து 10 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும்போது வரும். அந்தக் கறுப்பு உருண்டைகள் மண்ணில் 20 வருடமும் அதற்கு மேலும் உயிரோடு கிடக்கும். இதற்கு வைத்தியம் பார்க்க நினைக்காதீர்கள். கொத்தை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் இனி வெங்காயமோ பூண்டோ வேண்டாம். கீரையோ தக்காளியோ போட்டால் அவற்றை இந்த நோய் தொடாது. மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள். மீண்டும் வெங்காயத்தாள் வேண்டுமென்றால் புதுத் தொட்டி, புது மண், விதை.

பஞ்சு கொஞ்சம்தான் அல்லது இல்லவே இல்லை, அடித்தட்டு மட்டும் பழுப்பாகி வேர்கள் கழன்றிருக்கின்றன, மண்ணும் சூடாக இருக்கிறது என்றால் பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அடியழுகல். இதிலும் பாதித்த கன்று பிழைக்காது. ஆனால் ஒரே கொத்தில் எல்லாம் பாதிக்கப்படும் முன்னே கண்டுபிடித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். முழுக் கொத்தையும் தோண்டிப் பிரித்து, ஒவ்வொரு கன்றின் அடித்தட்டையும் பார்த்து, சந்தேகத்துக்கு இடமில்லாத வெள்ளை அடி உள்ளதை மட்டும் வேறு இடத்தில் நடுங்கள். களை கொத்தும்போது அடியில் படும் வெட்டுக்காயம் இதற்கு வழி திறக்கும். கொத்தைச் சுற்றிக் கையால் களை எடுப்பது உத்தமம்.

வேர் அழுகாமல், ஆனால் ரோஜா நிறமாகிச் சுருங்கியிருந்தால் இளஞ்சிவப்பு வேர் நோய். இதற்கு இந்த வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும். இடத்தை மாற்றுங்கள், மக்கு உரம் கொடுங்கள், தேறிக்கொள்ளும்.

தாள் வருடா வருடம் மெலிகிறது, கொத்தின் நடு வெறுமையாகிறது

நோயே இல்லை. நெருக்கடி. ஒரு கன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, முப்பதும் நாற்பதும் ஒரே கைப்பிடி மண்ணில் நிற்கின்றன. நடுவில் இருப்பது வெளிச்சமும் தண்ணீரும் கிடைக்காமல் சாகும், ஓரத்தில் இருப்பது புல்லாக மெலியும். உரம் போட்டால் ஒரு வாரம் பச்சை கட்டும், பிறகு பழைய கதை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, தொட்டியில் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, பிரித்து நட்டே ஆக வேண்டும். வருடக்கணக்கில் நிற்கும் பயிர் என்பதன் அர்த்தம், வருடக்கணக்கில் தொடாமல் விடலாம் என்பதல்ல.

கடும் வெயிலும் உறைபனியும் இல்லாத காலமாகப் பாருங்கள். முந்தின நாள் தண்ணீர் விட்டு, கொத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்கட்டியோடு தூக்குங்கள். அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி ஊறவைத்தால் மண் கரைந்து, வேர்ச்சிக்கல் தானாக இளகும். கத்தி வேண்டாம், கையாலேயே பிரியும். அடித்தட்டு ஒட்டியிருக்கும் இரட்டைக் கன்றுகளை வலுக்கட்டாயமாகப் பிய்க்காமல் இரட்டையாகவே விடுங்கள்.

வேரை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கும் தாளைப் பத்து சென்டிமீட்டருக்கும் வெட்டிவிடுங்கள். தாளை வெட்ட மனசு வராதவர்கள்தான் பிறகு வாடிவிட்டது என்று வருந்துகிறார்கள். வேர் குறைந்த செடி அத்தனை தாளுக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. தடித்த கன்றுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு அல்லது மூன்றாகச் சேர்த்து, நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில், இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். பழைய தாள் காயும். ஒன்று ஒன்றரை வாரத்தில் நடுவிலிருந்து புதுத்தாள் எழும். அதுவரை மண் ஈரம் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும், உரம் புதுத்தாள் வந்த பிறகு.

பிரித்து நட்டும் மெலிவு போகவில்லை என்றால் அறுப்பைப் பாருங்கள். வாரா வாரம் மொட்டையாக அறுத்தால் எந்தக் கொத்தும் தேறாது. ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு தாளை மட்டும், வெளியிலிருந்து எடுங்கள். அல்லது முழுக் கன்றாகவே இரண்டு மூன்று பிடுங்கி எடுங்கள், அது நெருக்கத்தையும் குறைக்கும். நட்ட முதல் சில மாதம் அறுக்காமல் விட முடிந்தால் விடுங்கள். மெலிவோடு சாய்வும் இருந்தால் வெயிலைப் பாருங்கள், தினம் ஆறு மணி நேரமாவது வேண்டும்.

கிளைக்கவில்லை, அடியில் குமிழ் விழுகிறது

உங்களிடம் இருப்பது வேறு செடி. தாளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சுற்றிலும் உருண்டையான குழாயாக இருந்தால் பிஸ்டுலோசம். ஒரு பக்கம் தட்டையாகி அரைவட்டம் போல் இருந்தால் சாதாரண வெங்காயம். உள்ளே குழாயே இல்லாமல் பட்டையாக இருந்தால் பூண்டு, லீக் அல்லது அவற்றின் உறவு. வெங்காயத்தாள் என்ற பேரில் விற்பது பல நேரம் இளசாகப் பிடுங்கிய சாதாரண வெங்காயம்தான். அதன் வேர்க்கட்டையை நட்டால் துளிர்க்கும், ஒன்றிரண்டு அறுப்பு தரும். பிறகு குமிழ் கட்டி ஓய்ந்துவிடும், அல்லது பூத்து முடித்துக்கொள்ளும். செடிமேல் குற்றமில்லை.

பூவுக்குப் பதிலாகத் தண்டின் உச்சியில் குட்டிக் குட்டி வெங்காயம் கொத்தாக வந்தாலும் நோயல்ல. அது பிஸ்டுலோசமும் சாதாரண வெங்காயமும் கலந்து வந்த இன்னொரு இனம். பாரம் தாங்காமல் தண்டு சாய்ந்து, குட்டிகள் விழுந்த இடத்தில் வேர்விடும். அதுவும் வருடக்கணக்கில் நிற்கும். வைத்துக்கொள்ளுங்கள்.

தாளைக் கசக்கினால் வெங்காய வாசனையே இல்லை என்றால் மட்டும் கவனம். கொத்தின் நடுவே வேறு கிழங்குச் செடி முளைத்திருக்கலாம், அவற்றில் விஷமுள்ளவை உண்டு. வாசனை வராததை வாயில் வைக்காமல் பிடுங்கிவிடுங்கள். வாசனை இருக்கிறது, காரம் மட்டும் குறைவு என்றால் தண்ணீர் அதிகம் அல்லது கந்தகம் குறைவு.

பூந்தண்டு எழுகிறது

ஓரளவு தடித்த கன்று சில வாரம் குளிரில் நின்றால், வெப்பம் திரும்பும்போது பூக்கும். நூல்போன்ற இளங்கன்று அதே குளிரில் நின்றாலும் பூக்காது. பூந்தண்டை இலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தடித்து, நடுவில் உப்பி, உச்சியில் சவ்வு மூடிய மொட்டோடு வரும். பூத்த கன்று விதை முற்றியதும் ஓய்ந்துவிடும், ஆனால் பக்கக்கன்றுகள் கொத்தைத் தொடரும். விதை வேண்டாம் என்றால் மொட்டு விரியும் முன்னே தண்டை அடியில் ஒடித்துவிடுங்கள். பக்கக்கன்று சீக்கிரம் தலைதூக்கும். விதை வேண்டும் என்றால், பக்கத்தில் வேறு ரக வெங்காயத்தாள் பூத்திருக்கக் கூடாது. தேனீக்கள் கலந்துவிடும். குளிரே இல்லாத ஊர்களில் பூக்காமலேயே போவதும் உண்டு. அங்கே பிரித்து நடுவதுதான் வழி.

கொத்தே காணாமல் போய்விட்டது

கடும் குளிரிலோ கொதிக்கும் வெயிலிலோ தாள் முழுதும் காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடலாம். தோண்டி எறிவதற்கு முன் மண்ணை விரலால் விலக்கி, ஒரு கன்றின் அடியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் உறங்குகிறது. குளிரில் என்றால் தண்ணீரைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு ஒரு கை உயரத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். வெயிலில் என்றால் நிழல்வலை கட்டி, மண் முழுதாகக் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். தாள் இல்லாத கொத்துக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். உரம் எதுவும் வேண்டாம். பருவம் மாறி மூன்று நாலு வாரம் ஆகியும் துளிர் வரவில்லை என்றால் அப்போது தோண்டுங்கள்.